உறக்கத்தில் பெருகும் வியர்வை: கொழும்பில் வாழ்வோருக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பில் இரவில் வியர்ப்பது யாருக்கும் புதிய செய்தி அல்ல. மார்ச், ஏப்ரல் மாதங்களில் நள்ளிரவு கடந்த பின்னரும் வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை. காற்றின் ஈரப்பதனும் இரவு முழுவதும் உயர்ந்தே நிற்கிறது. எல்லோருக்கும் வியர்க்கும் ஊரில் ஒருவருடைய வியர்வை நோயின் அறிகுறியாக இருந்தாலும், "கொழும்பு வெக்கைதானே" என்ற ஒரே சொல்லோடு வீட்டார் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். அதே வேளையில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் படுத்து வெறும் வெப்பத்தால் வியர்ப்பவர், அது பெரிய வருத்தமோ என்று அஞ்சி உறக்கத்தை இழக்கிறார். அறை தரும் வியர்வையையும் உடல் தரும் வியர்வையையும் முதலில் பிரித்தறிந்துவிட்டால் இந்த இரண்டு துன்பங்களையும் பெருமளவு தவிர்க்கலாம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

உடல் ஏன் உறக்கத்தில் வியர்க்கிறது

உறக்கம் நெருங்கும்போது, மூளையில் வெப்பத்தை ஒழுங்குபடுத்தும் ஹைப்போதலமஸ் என்ற பகுதி உடலின் உள்வெப்பத்தைக் குறைக்கத் தொடங்குகிறது. கைகால்களின் தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் விரிந்து உள்வெப்பம் வெளியேற, அதிகாலைக்குள் அது ஏறக்குறைய 1 பாகை வரை தாழ்கிறது. தேவைப்பட்டால் வியர்வைச் சுரப்பிகளும் இந்த வேலையில் சேர்ந்துகொள்கின்றன. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2.4 கிலோயூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. ஆனால் ஆவியாகாமல் வழிந்து தலையணையில் ஊறும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. கொழும்பின் ஈரக் காற்றில் இதுவே பெரும்பாலும் நடக்கிறது: வியர்வை ஆவியாகாததால் உடல் குளிரவில்லை, குளிராததால் மேலும் வியர்க்கிறது.

மருத்துவத்தில் "இரவு வியர்வை" என்று குறிப்பிடப்படுவது இதற்கு அப்பாற்பட்டது. அறை அளவுக்கு மிஞ்சிச் சூடாக இல்லாதபோதும், போர்வை கனமாக இல்லாதபோதும், உடுப்பையோ விரிப்பையோ மாற்ற வேண்டிய அளவுக்கு நனைந்து எழுவதையே வைத்தியர்கள் முக்கியமாகக் கருதுகிறார்கள். கழுத்தின் பின்புறம் சற்று ஈரமாவது இதில் அடங்காது. இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பகலில் உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் ஆகியவற்றில் காரணமின்றி மிகையாக வியர்க்கும் ஓர் இயல்பு சிலருக்கு இளமையிலிருந்தே இருக்கும்; அது பொதுவாக உறக்கத்தில் நின்றுவிடும். ஆகவே, "எனக்குச் சின்ன வயதிலிருந்தே கை வேர்க்கும், அதனால்தான் இரவிலும் வேர்க்கிறது" என்ற முடிவு பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை.

படி 1: காத்திருக்கக் கூடாத நிலைமைகளை முதலில் நீக்குங்கள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, மூச்சுத் திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றோடு திடீரெனக் குளிர்ந்த வியர்வை பெருகினால், அது மாரடைப்பாக இருக்கலாம். விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்பியூலன்சை வரவழையுங்கள். அது இலவச சேவை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் வயது முதிர்ந்த பெண்களுக்கும் நெஞ்சு வலி தெளிவாகத் தெரியாமல் வியர்வையும் களைப்பும் மட்டுமே தோன்றக்கூடும் என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

டெங்குக் காய்ச்சல் கொழும்பில் ஆண்டு முழுவதும் இருப்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரையிலான காலத்தில், காய்ச்சல் குறையும் வேளையில்தான் அந்த நோயின் ஆபத்தான கட்டம் தொடங்கலாம். இரவில் வியர்த்துக் காய்ச்சல் விட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் அதே நேரத்தில், நோயாளியின் கைகால்கள் குளிர்ந்து பிசுபிசுத்திருந்தால், கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, சிறுநீர் குறைதல், அமைதியின்மை அல்லது தூக்கக் கலக்கம் இருந்தால், அது குணமாவதன் அடையாளம் அல்ல. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் செல்லாத அதிர்ச்சி நிலைக்குச் செல்வதன் அடையாளமாக அது இருக்கலாம். அந்த இரவிலேயே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். எந்தக் காய்ச்சலுக்கும் மூன்றாம் நாளுக்குள் இரத்தக் கலங்களின் எண்ணிக்கைப் பரிசோதனை செய்துகொள்வதும், பரசிற்றமோல் தவிர இபுபுரோபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் போன்றவற்றைத் தாமாக எடுக்காமல் இருப்பதும் இங்கு வாழும் ஒவ்வொரு குடும்பமும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியவை. பரசிற்றமோல் போட்ட ஓரிரு மணி நேரத்தில் காய்ச்சல் தணிந்து வியர்ப்பது இயல்பு; அதன் பின்னர் கைகால் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தவற வேண்டாம்.

படி 2: அறையைச் சோதியுங்கள்

அவசர நிலை எதுவும் இல்லையென்றால், அடுத்துச் செய்ய வேண்டியது அறையைக் குளிர்வித்து, தொடர்ந்து சில இரவுகள் அங்கு உறங்கிப் பார்ப்பது. ஏசி உள்ளவர்கள் 25 அல்லது 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிடலாம். ஏசி இல்லாதவர்கள், மழை பெய்து குளிர்ந்த இரவுகளையோ வெப்பநிலை 22 பாகை அளவுக்கு இறங்கும் தை மாதத்து அதிகாலைகளையோ கவனிக்கலாம். மெல்லிய பருத்தி உடையோடு, காற்றோட்டத்தில், இத்தகைய இரவிலும் நனைந்து எழுகிறீர்களென்றால் காரணம் அறையில் இல்லை. படி 3-க்குச் செல்லுங்கள். குளிர்ந்த இரவுகளில் வியர்வை நின்றுவிட்டால், உங்கள் சிக்கலுக்கான தீர்வின் பெரும்பகுதி இந்தப் படியிலேயே இருக்கிறது.

கொழும்பு வீடுகள் இரவில் ஏன் இவ்வளவு சூடாக இருக்கின்றன என்று பார்ப்போம். கொங்கிறீட் தட்டு பகலில் வாங்கிய வெயிலைச் சேமித்து இரவில் மெதுவாக அறைக்குள் விடுகிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களின் தொடர்மாடிகளில் மேல்தளத்தில் இருப்பவர்கள் இரவு பத்து மணிக்குக் கூரையைத் தொட்டால் அதன் சூட்டை உணர முடியும். கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பக்கத் தகரக் கூரை வீடுகளில் நிலைமை சற்று வேறு: தகரம் வெயில் போனதும் விரைவாகக் குளிர்ந்துவிடும், ஆனால் நெருக்கமான சுவர்களுக்கிடையில் சிக்கிய சூடான காற்று வெளியேற வழியிருக்காது. முதல் வகை வீட்டுக்குக் கூரையின் மேற்பரப்பில் வெள்ளைப் பூச்சு, மேற்கு ஜன்னலுக்குப் பிற்பகலில் கனமான திரை ஆகியவை உதவும். இரண்டாவது வகைக்குக் காற்று நுழைய ஒன்றும் வெளியேற ஒன்றுமாக, எதிரெதிரே இரு திறப்புகள் வேண்டும். ஒரே ஜன்னலைத் திறப்பதால் பெரிய பயன் இல்லை. கடற்காற்று பகலில்தான் வலுவாக வீசும். இரவில் காற்று தரையிலிருந்து கடல் நோக்கி மெதுவாகத் திரும்புவதால், கடல் பக்க ஜன்னலை மட்டும் நம்பியிருப்பவர்கள் மறுபக்கக் கதவையும் வலையிட்டுத் திறந்து வைக்க வேண்டும்.

மின்விசிறியைப் பற்றி ஒரு தயக்கம் பலருக்கு உண்டு: சூடான காற்றைத்தானே அது சுற்றிவிடுகிறது என்பார்கள். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை என்பது உண்மை. ஆனால் தோலை ஒட்டி நிற்கும் ஈரமான காற்றை அகற்றி வியர்வையை ஆவியாக்குவது அதுவே. தோலின் வெப்பம் சுமார் 34, 35 பாகை என்பதால், அதைவிடக் குறைந்த வெப்பமுள்ள கொழும்பு இரவுகளில் அது எப்போதும் பயன் தரும். மின்கட்டணம் கூடிவிட்ட இந்தக் காலத்தில் இதுவும் பொருட்படுத்தத் தக்கது: சாதாரண கூரை மின்விசிறி 70 வாட் அளவில் எட்டு மணி நேரம் ஓடினாலும் ஏறக்குறைய அரை அலகு மின்சாரமே செலவாகும். நுளம்பு வலை காற்றைத் தடுக்கிறது என்பதற்காக அதை அகற்றிவிடாதீர்கள். ஜன்னல்களுக்குக் கம்பி வலை பொருத்துவது, அல்லது மேசை மின்விசிறியை வலைக்கு மிக அருகில் கட்டில் உயரத்தில் வைப்பது, இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.

ஈரப்பதனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தென்மேல் பருவமழைக் காலத்தில் துவைத்த துணிகளைப் படுக்கையறைக் கொடியில் உலர்த்துவது தொடர்மாடி வாழ்வில் சாதாரணம். ஆனால் அந்தத் துணிகளிலிருந்து வெளியேறும் நீரெல்லாம் நீங்கள் உறங்கும் காற்றில்தான் சேர்கிறது. குளியலறைக் கதவு படுக்கையறைக்குள் திறக்குமாயின் குளித்த பின் அதை மூடி வையுங்கள். ஏசியில் ஈரம் நீக்கும் முறை இருந்தால், வெப்பநிலையை மிகத் தாழ்த்துவதைவிட மழைக்காலத்தில் அதுவே சுகம் தரும்.

படுக்கையைப் பொறுத்தவரை, தடித்த ஸ்பொஞ் மெத்தையும் அதன் மேல் போடப்படும் பிளாஸ்டிக் உறையும் வெப்பத்தையும் ஈரத்தையும் உடலோடு ஒட்டி வைக்கின்றன. தும்பு மெத்தையின் மேல் பருத்தி விரிப்பு, அல்லது மெத்தைக்கும் விரிப்புக்கும் இடையில் ஒரு புற்பாய், இவை மலிவான, நன்கு பயன் தரும் மாற்றங்கள். நைலோன் இரவுடைகளை விட்டு, பலமுறை துவைத்து மென்மையான பருத்திச் சாரத்துக்கோ பருத்தி நைற்றிக்கோ மாறுங்கள். படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு முன் இளஞ்சூட்டு நீரில் குளித்தால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து உள்வெப்பம் வெளியேற வழி பிறக்கும். மிகக் குளிர்ந்த நீரில் குளித்தால் அந்தக் குழாய்கள் சுருங்கி, சற்று நேரத்தில் மீண்டும் வியர்க்கலாம். இரவு பத்து மணிக்கு உறைப்பான கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றுக்குப் படுப்பவருக்கு எந்த மெத்தையும் உதவாது. உறைப்பும் கனமும் உள்ள உணவு, பின்னேரத்துக்குப் பிறகு தேநீர் அல்லது கோப்பி, இரவில் சாராயம் ஆகிய மூன்றும் வியர்வையைக் கூட்டுகின்றன. குடிப்பழக்கம் உள்ளவர் திடீரென நிறுத்தும்போது வியர்வையோடு கை நடுக்கம், மனக் குழப்பம் வந்தால் வைத்திய உதவி உடனடியாகத் தேவை.

படி 3: இரண்டு வாரங்கள் எழுதி வையுங்கள்

ஒரு கொப்பியைப் படுக்கையருகே வைத்து, வியர்த்த இரவுகளில் நேரம், எவ்வளவு நனைந்தது, உடை மாற்ற வேண்டியிருந்ததா, கனவு அல்லது படபடப்பு இருந்ததா, அன்று என்ன சாப்பிட்டீர்கள், எந்த மருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். பெண்கள் மாதவிடாய் நாளையும் குறிக்க வேண்டும். பின்னேரமும் விழித்த வேளையிலும் வெப்பமானியால் காய்ச்சலை அளந்து குறிப்பது மிக அவசியம். "உள்காய்ச்சல் மாதிரி" என்ற சொல்லைவிட, வெப்பமானி காட்டிய 38.2 என்ற எண் வைத்தியருக்குப் பல மடங்கு பயன்படும். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடையும் பாருங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் வைத்தியரிடம் செல்பவர்கள் பலர், "சில நாள் வேர்க்கும், சில நாள் வேர்க்காது" என்று மட்டுமே சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள்.

படி 4: மருந்துகளைப் பாருங்கள்

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் செற்றலீன், புளுஒக்செற்றீன், வென்லபக்சின் போன்றவை உறக்கத்தில் வியர்ப்பதற்கு நன்கறியப்பட்ட காரணங்கள். பிரெட்னிசலோன், வலிக்குத் தரப்படும் டிரமடோல், மார்பகப் புற்றுநோய்க்குப் பின் எடுக்கப்படும் தமொக்சிபென், அளவு கூடிப்போன தைரொக்சின் ஆகியவையும் அவ்வாறே. சந்தேகம் எழுந்தாலும் இவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, குறிப்பாகப் பிரெட்னிசலோனையும் மனநல மருந்துகளையும். எடுக்கும் நேரத்தை மாற்றுவதோ, அளவைக் குறைப்பதோ, வேறு மருந்துக்கு மாறுவதோ வைத்தியரின் முடிவாக இருக்கட்டும்.

படி 5: சீனி வருத்தம் உள்ளவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமுள்ள ஒருவர் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவராக இருந்தால், அவர் இதை வாசிக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், டொல்பியூட்டமைட் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் நள்ளிரவுக்குப் பின் இரத்தத்தில் சீனி அளவு தாழ்ந்துபோகக்கூடும். அப்போது உடல் அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையின் ஒரு வடிவமே உறக்கத்தில் பெருகும் குளிர்ந்த வியர்வை. கெட்ட கனவு, படபடப்பு, விடியும்போது தலைவலி, உறங்கியும் தீராத களைப்பு ஆகியவை துணை அடையாளங்கள். மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரத்த அழுத்தத்துக்கோ இருதயத்துக்கோ அட்டெனலோல், புரொப்ரனலோல் போன்ற மருந்துகளையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு, சீனி தாழும்போது நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடலாம். வியர்வை மட்டும் மறையாது. அவர்களுக்கு நனைந்த தலையணை ஒன்றே எஞ்சியிருக்கும் எச்சரிக்கையாக இருக்கக்கூடும்.

வியர்த்து விழித்தால் உடனே குளுக்கோமீற்றரில் அளந்து பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், அல்லது கருவி இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தால், மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளந்து, இன்னும் தாழ்வாக இருந்தால் மறுபடியும் அதே அளவு குடியுங்கள். சரியான பின் இரண்டு பிஸ்கட் அல்லது ஒரு துண்டுப் பாண் சாப்பிட்டுவிட்டே படுக்க வேண்டும். ஆள் மயங்கியிருந்தாலோ விழுங்க முடியாமலிருந்தாலோ வாயில் எதையும் ஊற்றாமல், ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து 1990-க்கு அழையுங்கள்.

நம்மிடையே இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்றால், கந்தசஷ்டி, சிவராத்திரி விரதங்களிலும் ரமழான் நோன்பிலும் உணவு நேரம் மாறியும் மருந்து மாறாமலிருப்பதே பெரிய காரணம். இரவு உணவைத் தவிர்த்துவிட்டு வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு படுப்பது உயிருக்கே ஆபத்து. விரதம் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை; விரதம் தொடங்குவதற்கு ஓரிரு வாரங்கள் முன்பே கிளினிக்கில் சொல்லி அளவை மாற்றி எழுதி வாங்குங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ள முதியவர்களுக்கு மாத்திரையின் வேலை நீண்ட நேரம் நிற்பதால், மேலும் கவனம் வேண்டும். ஒரு முறை இரவில் சீனி தாழ்ந்திருந்தாலும் அதை அடுத்த கிளினிக் நாள்வரை தள்ளிவைக்காமல் வைத்தியருக்கு அறிவியுங்கள்.

படி 6: நாற்பதைக் கடந்த பெண்கள்

மாதவிடாய் நிற்கும் காலம் பெரும்பாலும் 45-க்கும் 55-க்கும் இடையில் வருகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கும்போதே, இரவு வியர்வை தோன்றலாம். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறையும்போது, வெப்பத்தில் ஏற்படும் சிறு உயர்வையும் ஹைப்போதலமஸ் பெரிய உயர்வாக எடுத்துக்கொள்கிறது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறி, சில நிமிடங்களில் உடல் நனைந்து, பின்னர் குளிர் எடுப்பது இதன் இயல்பான போக்கு. பல பெண்களுக்கு இது ஏழு ஆண்டுகள் அளவுக்கு நீடிக்கிறது.

நம் வீடுகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பக்கத்தில் உறங்கும் கணவருக்கும் தெரியாமல் எழுந்து உடை மாற்றிவிட்டு, காலை ஐந்து மணிக்கு மீண்டும் சமையலறைக்குள் செல்லும் அம்மாக்களும் அக்காமாரும் பலர். இது சகித்துக்கொண்டே ஆக வேண்டிய ஒன்று அல்ல. ஹோர்மோன் சிகிச்சை இதற்கு மிகவும் பயனுள்ளது. ஆனால் மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டி, பக்கவாதம், கடும் ஈரல் நோய் ஆகியவை இருந்தவர்களுக்கு அது பொதுவாகத் தரப்படுவதில்லை. அவர்களுக்குச் சில மனச்சோர்வு மருந்துகள் குறைந்த அளவிலும், கபபென்றின் போன்றவையும் உதவுகின்றன. மனச்சோர்வு மருந்து சிலருக்கு வியர்வையைக் கூட்டவும் வேறு சிலருக்கு இந்த அனலைத் தணிக்கவும் செய்கிறது என்பதால், எந்த மருந்து, எந்த அளவு என்பதை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். 35 வயதைக் கடந்த பெண்களுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் இலவசமாக நடைபெறும் சுவநாரி கிளினிக், இந்தப் பேச்சைத் தொடங்க நல்ல இடம். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பின் மீண்டும் இரத்தம் கண்டால், அளவு சிறிதானாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிள்ளை பெற்ற முதல் சில வாரங்களில் தாய்மாருக்கு இரவில் வியர்ப்பது இயல்பு. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இயல்பு அல்ல. அன்றே காட்ட வேண்டும்.

படி 7: தொற்றும் புற்றுநோயும்

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், பின்னேரங்களில் மெல்லிய காய்ச்சல், பசியின்மை, எடை குறைதல், இரவு வியர்வை ஆகியவை சேர்ந்திருந்தால் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும். சளியில் இரத்தம் கண்டால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளில் இந்த நோய் இன்னும் இருக்கிறது. அதைவிட வருத்தம் தருவது, திருமணப் பேச்சுக் கெட்டுவிடும், அயலவர் அறிந்துவிடுவர் என்று அதை மறைப்பது. சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்-ரேயும் மருந்தும் அரச மார்பு நோய்க் கிளினிக்குகளில் இலவசம். கொழும்பில் மத்திய மார்பு நோய்க் கிளினிக்கும், நகருக்கு வடக்கே வெலிசறையில் தேசிய சுவாச நோய் வைத்தியசாலையும் உள்ளன. சாதாரண நுரையீரல் காசநோய் ஆறு மாதச் சிகிச்சையில் குணமாகும். மருந்தைத் தொடங்கிச் சில வாரங்களில் வியர்வையும் காய்ச்சலும் நின்றுவிடும். நின்றுவிட்டது என்று மருந்தையும் நிறுத்துவதே நோய் மருந்துக்கு அடங்காமல் திரும்புவதற்கு வழி திறக்கிறது.

இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சான்றளித்தது. ஆயினும் இந்தியாவுக்கோ ஆபிரிக்க நாடுகளுக்கோ சென்று வந்த பின் குளிர் நடுக்கம், காய்ச்சல், வியர்வை என்ற வரிசையில் வந்தால், பயண விவரத்தை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா தடுப்பு இயக்கத்தில் பரிசோதனை செய்ய முடியும். எச்.ஐ.வி. தொற்றும், இருதய வால்வுகளில் ஏற்படும் தொற்றும் இரவு வியர்வையோடு வரக்கூடியவை.

நிணநீர்ப் புற்றுநோயைப் பற்றிய அச்சமே பலரை இணையத்தில் தேட வைக்கிறது. இரவு வியர்வை மட்டும் தனியாக இருந்தால் பெரும்பாலும் காரணம் அதுவாக இருப்பதில்லை. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றில் வலியில்லாத வீக்கம், 38 பாகைக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சல், ஆறு மாதங்களில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால் தாமதமின்றிக் காட்டுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் முயற்சியின்றி 6 கிலோ குறைந்தால் அது அந்த அளவை எட்டிவிட்டது.

படி 8: எஞ்சிய காரணங்கள்

பகலிலும் வெப்பம் தாங்க முடியாமை, படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் மெலிதல் ஆகியவை இருந்தால் தைரொயிட் மிகையாக இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உரத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழுதல், பகலில் உறக்கம் தள்ளுதல் ஆகியவை உறக்க மூச்சுத்தடையைக் காட்டுகின்றன. இதை உறங்குபவர் அறியமாட்டார், பக்கத்தில் படுப்பவரே சாட்சி. நெஞ்செரிவும் சிலருக்கு வியர்வையோடு வருகிறது. அச்சம், பழைய இழப்புகளின் கனவுகள், போர்க்காலத்தின் நினைவுகள் ஆகியவை ஆண்டுகள் பல கடந்தும் உடலை இரவில் வியர்க்கவைக்கும். அதற்கும் சிகிச்சை உண்டு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில் பேசலாம். குழந்தைகள் உறங்கிய முதல் மணி நேரத்தில் தலை வியர்ப்பது பெரும்பாலும் இயல்பு. ஆனால் பால் குடிக்கும்போதே வியர்த்து, மூச்சு வாங்கி, எடை கூடாமலிருக்கும் கைக்குழந்தையின் இருதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

படி 9: வைத்தியரிடம் செல்லுதல்

முதலில் குடும்ப வைத்தியரிடம், அல்லது அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லுங்கள். நேரடியாக விசேட வைத்தியரைச் சனல் பண்ணும் பழக்கத்தால், எந்தத் துறை என்று தெரியாமல் பணமும் நாட்களும் வீணாகின்றன. கொப்பியையும், மருந்து அட்டைகளையும், பழைய அறிக்கைகளையும் கொண்டு செல்லுங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாத இடங்களில், எத்தனை வாரங்களாக, வாரத்தில் எத்தனை இரவு, உடை மாற்றும் அளவா, காய்ச்சல் எவ்வளவு, எடை எவ்வளவு குறைந்தது என்ற ஐந்தையும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ முன்கூட்டியே எழுதுவித்துக் கொடுத்துவிட்டால், அந்தச் சில நிமிடச் சந்திப்பு வீணாகாது.

இரத்தக் கலங்களின் எண்ணிக்கை, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றுச் சீனி, தைரொயிட் பரிசோதனை, மார்பு எக்ஸ்-ரே ஆகியவை வழக்கமான தொடக்கம். அடையாளங்கள் காட்டும் திசையில் மேலும் சில சேரலாம். எல்லாவற்றையும் தனியார் ஆய்வுகூடத்தில் தாமாகச் செய்துகொண்டு அறிக்கைக் கட்டோடு வருவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தேவையற்ற பரிசோதனையில் சற்றே விலகிய ஓர் எண், தேவையற்ற அச்சத்தைக் கொண்டுவருகிறது.

எல்லா முடிவுகளும் சாதாரணமாக வருவதும் உண்டு. பலருக்குத் தெளிவான காரணம் கண்டுபிடிக்கப்படாமலேயே வியர்வை குறைந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் படுக்கையருகே துவாய், மாற்றுடை, தண்ணீர் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். நனைந்தால் துடைத்து உடை மாற்றிய பின்னரே மீண்டும் படுங்கள். ஈரத்தில் ஊறும் தோலில் வேர்க்குருவும் படர்தாமரையும் விரைவில் வரும். அவற்றுக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்டெரொயிட் கலந்த களிம்பு முதலில் அரிப்பைத் தணித்துப் பின்னர் படர்தாமரையைப் பரவவிடுகிறது என்பதால், அதைத் தவிருங்கள். விரிப்புகளை வாரம் இருமுறை மாற்றி, வெயில் கிடைக்கும் நாளில் மெத்தையையும் நிமிர்த்தி உலர்த்துங்கள். எடையையும் காய்ச்சலையும் தொடர்ந்து குறித்து வந்து, ஆறு வாரங்கள் அளவில் மீண்டும் அதே வைத்தியரிடம் காட்டுங்கள். இடையில் காய்ச்சலோ, எடை குறைவோ, புதிய வீக்கமோ தோன்றினால் அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே செல்லுங்கள்.